குண்டாக இருப்பதற்கு மாதம் எவ்வளவு செலவாகிறது?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது: வயது 34, உயரம் ஐந்தரை அடி, எடை 104 கிலோ. கொரட்டூரில் வாடகை வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கைக்கு 48,000 வருகிறது. சர்க்கரையோ பி.பி.யோ இதுவரை இல்லை. ஷேர் ஆட்டோவில் இரண்டு சீட்டுக்குக் காசு கேட்கிறார்கள் என்பதால் மாதத்தில் பத்து நாளாவது தனி ஆட்டோ புக் செய்கிறார். போன வருடம் ஜிம்முக்கு 15,000 கட்டி இரண்டு மாதம் போனார். யாரோ சொன்ன எடை குறைப்புப் பவுடர் 2,800 ரூபாய் வீதம் மூன்று டப்பா வாங்கினார். ‘நீ குண்டாக இருப்பதாலேயே மாதம் பத்தாயிரம் வீணாகிறது’ என்று நண்பர் சொல்கிறார். அது உண்மையா, உண்மையென்றால் எதை முதலில் நிறுத்துவது என்பது கேள்வி.

நோய் வந்தால் செலவாகும் என்பது இவருக்குத் தெரியும். நோய் எதுவும் இல்லாதபோதே, வெறும் எடைக்காக மட்டும், தெரியாமல் பணம் போகிறதா என்றுதான் கேட்கிறார். நல்ல கேள்வி. இதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி பயமுறுத்தி எதையாவது விற்கப் பார்க்கின்றன. மீதி அமெரிக்கக் கணக்கு. அங்கே விமானத்தில் இரண்டாவது சீட்டு, பெரிய கார் என்று போகும். கொரட்டூர்க்காரருக்கு அது உதவாது.

நான் மேற்கு மாம்பலத்தில் இன்சூரன்ஸ் ஆலோசகராக இருக்கிறேன். பாலிசியோடு குடும்ப வரவுசெலவையும் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது பல வருடப் பழக்கம். அதனால் பலருடைய பேங்க் ஸ்டேட்மென்ட் என் கையில் வந்து போயிருக்கிறது. டாக்டர் இல்லை, உடம்பைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான ஆளும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது, துணி. ஜவுளிக்கடையில் பெட்டியில் போட்டு விற்கும் பேன்ட் சர்ட் பிட் இருக்கிறதே, அதில் சட்டைக்கு 1.60 மீட்டர், பேன்ட்டுக்கு 1.20 மீட்டர் என்றுதான் பெரும்பாலும் வெட்டி வைத்திருப்பார்கள். தீபாவளிக்கு மாமனார் வீட்டில் கொடுப்பது, கல்யாணத்தில் சம்பந்தி மரியாதைக்கு வைப்பது எல்லாம் அதுதான். 104 கிலோ ஆளுக்கு முழுக்கைச் சட்டை அதில் வராது. டெய்லர் துணியை மேஜையில் விரித்து, டேப்பை மார்பில் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘அரைக்கைன்னா தேத்திடலாம் சார், முழுக்கை வேணும்னா இன்னொரு அரை மீட்டர் இதே கலர்ல வாங்கிட்டு வாங்க’ என்பார். அந்தக் கலர் கிடைக்காது. பிட் பீரோவில் போய்ப் படுக்கும். பெண்களுக்கு இதே கதை பிளவுஸில். புடவையோடு வரும் பிளவுஸ் துணி 80 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது அபூர்வம். அது போதாதவர்கள் மேட்சிங் சென்டரில் ஒரு மீட்டர் தனியாக வாங்குகிறார்கள், தையல் கூலியும் கொஞ்சம் கூட. புடவையோடு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய துணி வீண்.

ரெடிமேடில் டபுள் எக்ஸெல்லுக்கு மேல் போனால் அதே சட்டைக்கு ஐம்பது, நூறு கூடுவது வழக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், பேரம் பேச முடியாமல் போவது. ரங்கநாதன் தெருவில் 350 ரூபாய்க்குச் சட்டை குவித்து வைத்திருப்பான். உங்கள் சைஸ் அந்தக் குவியலில் இருக்காது. தள்ளுபடி காலத்தில் மிஞ்சிக் கிடப்பதில் நடுத்தர அளவுக்காரர்களுக்கு ஏதாவது தேறும். உங்களுக்குத் தேறாது. பெரிய சைஸ் கடையில் சொன்ன விலைதான். அப்புறம், பேன்ட் தொடையின் உள்பக்கம் உரசி உரசி நைந்து போவது. மற்றவர்களுக்கு இரண்டு வருடம் உழைக்கும் பேன்ட் உங்களுக்கு எட்டு, பத்து மாதத்தில் கிழியும். செருப்பும் அப்படித்தான், குதிகால் பக்கம் ஒரு ஓரமாகத் தேய்ந்து சாயும். இதையெல்லாம் கூட்டினால் உங்களுக்கு மாதம் 500 ரூபாய் வரும். சாதாரண உடைக்காரருக்கான கணக்கு இது. பிராண்ட் பிடித்தவர் என்றால் கூடும்.

இதில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 25 அல்லது அதற்கு மேல். நாட்டின் சராசரி பெண்களில் 24, ஆண்களில் 22.9 தான். ஐந்தில் இரண்டு பேர் இந்த உடம்போடு நடமாடும் மாநிலத்தில் பிட் மட்டும் இன்னும் 1.60 மீட்டர்.

இரண்டாவது, இந்த ஊர் வெயிலும் புழுக்கமும் தோலில் வாங்கும் வரி. தொடை இடுக்கு, அக்குள், வயிற்று மடிப்பு, இங்கெல்லாம் வேர்வை தேங்கிப் புண்ணாவது, படர்தாமரை வருவது எடை கூடியவர்களுக்கு அதிகம். சென்னைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. செலவு வருவது எங்கே என்றால், டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டு மெடிக்கலில் ‘அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட்’ என்று கேட்டு வாங்குவதில். அதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. போட்ட இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பத்து நாளில் இரண்டு மடங்காகப் பரவும். பிறகு தோல் டாக்டர், வாரக்கணக்கில் மாத்திரை, வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டியிருந்தால் அவர்களுக்கும். எண்பது ரூபாய் டியூபில் ஆரம்பித்து நாலாயிரம் ஐயாயிரத்தில் முடிந்த கதைகள் எனக்குத் தெரியும். முதலிலேயே டாக்டரிடம் போயிருந்தால் ஒரு ஃபீஸும் ஒரு கிரீமும்.

போக்குவரத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். ஷேர் ஆட்டோவில் ஒரு சீட் 20 ரூபாய், இரண்டு சீட்டுக்கு 40. தனி ஆட்டோவுக்கு 110 ஆகிறது என்கிறீர்கள். பத்து நாள், போக வர என்றால் இருபது பயணம். ஷேர் ஆட்டோவை விட்டுத் தனி ஆட்டோ பிடிப்பதால் மாதம் 1,800 கூடுதல். சரி, ஷேர் ஆட்டோக்காரர் கேட்ட இரண்டாவது சீட்டுக் காசைக் கொடுத்துவிட்டே போயிருந்தால்? கூடுதல் 400 தான். ஆக உங்கள் உடம்பு பிடித்த இடத்துக்கு விலை 400. மீதி 1,400, பத்துப் பேர் முன்னால் டிரைவர் ‘அண்ணே, ரெண்டு பேர் சீட்டு’ என்று சத்தமாகச் சொல்வதைக் கேட்காமல் இருப்பதற்கு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் எப்படிக் குத்தும் என்று தெரியும். ஆனால் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். எடை குறைய ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகலாம். அந்த 1,400 நாளைக்கே குறையலாம், காலை ஒரு அரை மணி முன்னால் கிளம்பி மாநகரப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கிற நேரத்தைப் பிடித்தால்.

நான் பார்த்த வரவுசெலவுகளில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கணக்குதான். உடம்பு கேட்கும் பணம் கொஞ்சம், கூச்சம் கேட்கும் பணம் நிறைய. போட்டுப் பார்க்காமல் சட்டை வாங்கி வந்து, பத்தாமல் போய், மாற்றப் போக வெட்கப்பட்டு வைத்துவிடுவது. ‘எடை குறைந்ததும் போட்டுக்கலாம்’ என்று ஒரு சைஸ் சின்னதாக எடுத்து வைப்பது. ஆம்னி பஸ்ஸில் பக்கத்து ஆள் முகம் சுளிப்பாரே என்று எப்போதும் ஒற்றை பெர்த்தே போடுவது. அது மற்றதைவிட விலை கூடுதல். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ரயிலில் மேல் பெர்த் கிடைத்துவிட்டதால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு டாக்ஸி எடுத்த ஒருவரையும் தெரியும். கீழ் பெர்த்காரரிடம் மாற்றிக் கேட்க வாய் வரவில்லை. எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. வருடத்துக்குக் கூட்டும்போதுதான் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்குகிறது.

வண்டி பெட்ரோல், ஏ.சி. கரண்ட் என்று சிலர் பெரிய கணக்குப் போடுவார்கள். இதில் நான் அவ்வளவு உறுதியாக இல்லை. ஸ்கூட்டரில் எடை கூடினால் மைலேஜ் குறையும், பின் டயரும் ஷாக் அப்சார்பரும் சீக்கிரம் போகும் என்பது சரி. ஆனால் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்க வேண்டியது 42 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒரு லிட்டர்தான் வித்தியாசம். நூறு ரூபாய். இதற்காக யாரும் எடை குறைக்கப் போவதில்லை. ஏ.சி.யில் விஷயம் வேறு. குண்டானவர்களுக்குப் புழுக்கம் தாங்காது, பிப்ரவரியிலேயே ஏ.சி. போடுவார்கள் என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. அதை ரூபாயாக மாற்றினால் அது என் ஊகம் மட்டுமே. ஒன்று நிச்சயம்: நம் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை போய்விடும். 500-க்கும் 501-க்கும் நடுவே பில் இருநூறு ரூபாய்க்கு மேல் குதிக்கும். வீட்டில் ஏ.சி. ஒரு மணி நேரம் கூட ஓடினால் என்ன என்று கேட்பவர்கள், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அது ஒல்லியானவர்களுக்கும் பொருந்தும்.

சாப்பாட்டுச் செலவு கூடும் என்று நினைப்பீர்கள். கூடுகிறது, ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் மலிவு. கூடுதல் கலோரிக்கு நம் ஊரில் விலை குறைவு. பணம் போவது ராத்திரி பத்தரை மணிக்கு ஆப்பில் ஆர்டர் செய்யும் சாப்பாட்டில். டெலிவரி, பேக்கிங், பிளாட்பார்ம் கட்டணம் என்று 160 ரூபாய்ப் பரோட்டா 240 ஆகும். அதற்கும் எடைக்கும் உள்ள சம்பந்தம் இரண்டு பக்கமும் ஓடுவது; எதை எதன் கணக்கில் எழுதுவது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இப்போது என் தொழில் பக்கம் வருகிறேன், இங்கேதான் கொஞ்சம் அதிகாரத்தோடு பேச முடியும். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ. 37. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல்பருமன் என்று நம் டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் அவ்வளவு கறார் இல்லை. நான் பார்த்த வரையில் முப்பது, முப்பத்திரண்டு வரை பேசாமல் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் லோடிங், அதாவது பிரீமியத்தின் மேல் 25 சதவீதமோ 50 சதவீதமோ கூடுதல். நாற்பதைத் தாண்டினால் பல இடங்களில் ‘இப்போது முடியாது’ என்று திருப்பிவிடுவார்கள். உதாரணத்துக்கு ஒரு கோடி ரூபாய் டெர்ம் பாலிசிக்கு (ஆள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் பாலிசி) வருடம் 14,000 பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத லோடிங் விழுந்தால் 21,000. வித்தியாசம் மாதம் 583 ரூபாய். உங்கள் 60 வயது வரை 26 வருடத்துக்கு 1,82,000. இந்தப் பட்டியலில் எடைக்காக மட்டுமே, பில் போட்டு, பெயர் சொல்லி உங்களிடம் வாங்கும் ஒரே தொகை இதுதான். அதுவும் கண்ணில் படாது, ஏனென்றால் ஆட்டோ டெபிட்டில் போய்விடும்.

இதில் ஏஜென்ட்டுகள் செய்யும் ஒரு வேலை இருக்கிறது, கவனம். ப்ரபோசல் ஃபார்ம், அதாவது பாலிசிக்கான விண்ணப்பம், நிரப்பும்போது ‘வெயிட் எவ்ளோ சார்? நூத்தி நாலா? எம்பத்தஞ்சு போட்டுக்கலாம், ஸ்மூத்தா போய்டும்’ என்பார்கள். டெஸ்ட் வேண்டாம் என்ற வகைப் பாலிசியாக இருந்தால் அந்த எண் அப்படியே கம்பெனிக்குப் போய்விடும். நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அட்மிஷன் ஷீட்டில் முதல் வரியில் எடை எழுதுவார்கள். கிளெய்ம் பிரிவில் இருப்பவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். மெடிக்கிளெய்ம் என்ற மருத்துவ இன்சூரன்ஸில் ஐந்து வருடம், அதாவது 60 மாதம், தொடர்ந்து கட்டிய பிறகுதான் விஷயத்தை மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் அப்போதும் மறுக்கலாம். அந்த 60 மாதத்துக்குள் கிளெய்ம் வந்து மறுத்தால் கட்டிய பிரீமியமும் போச்சு, பில்லும் தலையில். மாதம் ஐந்நூறு மிச்சம் பிடிக்கப் போய் மூன்று லட்சம் கட்டுவது.

டெஸ்ட் உள்ள பாலிசி என்றால் லேப் பையன் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கே வருவான். ரத்தம் எடுப்பான், ஈ.சி.ஜி. எடுப்பான், கடைசியில் பையிலிருந்து எடை மெஷினை எடுத்துத் தரையில் வைப்பான். அப்போது மனிதர்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். சாவிக்கொத்து, மொபைல், பர்ஸ், கைக்கடிகாரம், இடுப்பில் பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைப்பார்கள். ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். அத்தனையும் சேர்ந்து அரைக் கிலோ குறைந்தால் அதிகம். பேசாமல் ஏறி நின்று, வரும் எண்ணை எழுத விடுங்கள். லோடிங் போட்டுக் கொடுக்கும் பாலிசி நல்ல பாலிசி. உண்மையைச் சொல்லி வாங்கியது, கிளெய்மில் தகராறு வராது. இரண்டு மூன்று கம்பெனியில் கேட்டுப் பாருங்கள், ஒரே உடம்புக்கு ஒருவர் 50 போடுவார், இன்னொருவர் 25 போடுவார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கிடையாது. லோடிங் வலி கொஞ்சம் குறைந்த காலம்.

வீட்டு வாடகையை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன். உங்களுக்கு இப்போது 34. படி ஏறுவது தொல்லையாக இல்லை. முழங்கால் பேச ஆரம்பித்த வீடுகளில் முதலில் மாறுவது முகவரிதான். லிஃப்ட் இல்லாத பழைய பிளாட்டில் மூன்றாவது மாடி மலிவாகக் கிடைக்கும், அதை விட்டுக் கீழே வர வேண்டும். சென்னையில் தரைத்தளம் என்றால் 2015-ம் 2023 மிக்ஜாமும் ஞாபகம் வரும். கொரட்டூர்க்காரருக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வராத இடத்தில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் வீடு பார்த்தால் வாடகை மூவாயிரம் நாலாயிரம் கூடும், மெயின்டெனன்ஸ் தனி. இந்தியன் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றுவது அடுத்தது. வாடகை வீட்டில் ஓனர் சம்மதிக்க வேண்டும், செலவு நம்முடையது, வீட்டைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகவும் முடியாது. மூட்டு வலி உள்ள, எடை கூடிய பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து சொன்னார்கள். என் பாஷையில் சொன்னால், உங்களுக்கு ஐந்து கிலோ குறைந்தால் மூன்றாவது மாடி வீட்டை இன்னும் சில வருடம் வைத்துக்கொள்ளலாம். இது மருத்துவக் கணக்கு அல்ல, வாடகைக்காரன் கணக்கு.

குறட்டையையும் சொல்ல வேண்டும். மனைவி ‘நடுராத்திரி மூச்சு நின்னு நின்னு வருது’ என்று சொல்லியிருந்தால் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்லீப் டெஸ்ட்டுக்குப் பல ஆயிரம் ஆகும், தூங்கும்போது மூச்சுக்கு உதவும் மெஷினை டாக்டர் எழுதிக் கொடுத்தால் முப்பதாயிரத்துக்கு மேல். ஆனால் பகலில் தூங்கி வழிந்துகொண்டு வண்டி ஓட்டுவதும் அம்பத்தூரில் மெஷின் முன்னால் நிற்பதும் அதைவிட விலை கூடியது.

சம்பளம் குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது கேட்பார்கள். அமெரிக்காவில் 2004-ல் ஜான் காலி என்ற பொருளாதார ஆய்வாளர், வெள்ளைப் பெண்களில் சுமார் 29 கிலோ எடை வித்தியாசத்துக்கு ஒன்பது சதவீதம் சம்பளக் குறைவு இருப்பதாகக் காட்டினார். ஆண்களுக்கு அப்படித் தெளிவாக வரவில்லை. அதை அப்படியே எடுத்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் பெண்களுக்கு விலை கூட என்ற பகுதியை நம் ஊரிலும் பார்க்கிறேன், வேலையில் அல்ல, கல்யாணத்தில். பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் ‘முகூர்த்தத்துக்குள்ள பத்து கிலோ குறைச்சிடுவா’ என்று சொல்லி நாற்பதாயிரம் பேக்கேஜ் கட்டும் பெற்றோர் உண்டு. மாப்பிள்ளைக்கு யாரும் அப்படிக் கட்டிப் பார்த்ததில்லை.

பேக்கேஜ் என்றதும் அடுத்ததற்கு வந்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கணக்கில் மிகப் பெரிய வரி இதுதான். ஜிம் 15,000, பவுடர் 8,400. மொத்தம் 23,400, மாதத்துக்குப் பிரித்தால் 1,950. எடைக்காக நீங்கள் செலவழித்ததைவிட எடையைக் குறைக்கச் செலவழித்தது அதிகம். ஜனவரியில் வருடச் சந்தா விற்கும் ஜிம்மின் கணக்கே பாதிப் பேர் மார்ச்சில் வரமாட்டார்கள் என்பதில்தான் நிற்கிறது; எல்லாரும் தினமும் வந்தால் நிற்க இடம் இருக்காது. மாதாமாதம் கட்டும் இடமாகப் பாருங்கள், விலை கூடுதலாக இருந்தாலும். காசில்லாமல் வேண்டுமென்றால் மாநகராட்சிப் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. அரசே 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. பெசன்ட் நகரில் ஒன்று உண்டு. உங்களுக்குத் தூரம், எட்டு கிலோமீட்டர் நடக்க எங்கேயும் போகத் தேவையில்லை என்பதும் உண்மை.

பவுடரைப் பற்றி ஒன்றே ஒன்று. விற்றவர் டாக்டரா, தெரிந்தவரா என்று பாருங்கள். தெரிந்தவர் என்றால் அவர் விற்பது உங்களையும் தனக்குக் கீழே ஒரு விற்பனையாளராகச் சேர்ப்பதற்கும் சேர்த்து. எடை குறைப்பு ஊசி விஷயம் வேறு, அது மருந்து. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற ஊசி இந்தியாவில் அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500. இதே போன்ற இன்னொரு ஊசி மருந்தான செமாக்ளுடைட்டின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் அந்த வகையில் மலிவான உள்ளூர்த் தயாரிப்புகளுக்கு வழி உண்டு. உங்களுக்கு அது வேண்டுமா என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. பட்ஜெட் ஆள் என்ற முறையில் நான் சொல்வது, இது மூன்று மாதச் செலவு இல்லை. செமாக்ளுடைட் ஆய்விலேயே, ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. மூன்று மாதத்துக்குக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு நிறுத்துவதாக இருந்தால் அந்தப் பணம் பவுடர் போன வழியில்தான் போகும்.

சரி, உங்கள் நண்பரின் பத்தாயிரத்துக்கு வருகிறேன். துணி, செருப்பு 500, ஸ்கூட்டர் ஓட்டினால் பெட்ரோல் 100, தோல் மருந்து சராசரியாக 150, ஷேர் ஆட்டோவின் இரண்டாவது சீட் 400, டெர்ம் பாலிசி எடுத்தால் லோடிங் 583. எடை நேரடியாக வாங்குவது மாதம் 1,700-ஐ ஒட்டி. ஆட்டோவில் கூச்சத்துக்குப் போவது 1,400, ஜிம்மும் பவுடரும் 1,950, இது 3,350. ஆகமொத்தம் ஐயாயிரம். நண்பர் பாதி சரி. நோய் வந்தால் இந்தக் கணக்கே செல்லாது. ஒரு முழங்கால் மாற்றுக்கு அரசு 2017-ல் உச்சவரம்பு கட்டியபோது சாதாரண வகை இம்ப்ளான்ட், அதாவது உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு, மட்டும் 54,720 ரூபாய். ஆஸ்பத்திரி பில் அதற்கு மேல் லட்சங்களில். சர்க்கரைக்கு மாத்திரை மலிவுதான், அரசு இதை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே கொடுக்கிறது. செலவு வைப்பது கண், கிட்னி, கால் என்று பின்னால் வருவது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. அதனால் வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கும் ஆயிரத்தைச் செலவுப் பட்டியலில் வைக்காதீர்கள்.

எதை முதலில் என்று கேட்டீர்கள். பவுடரை இன்றைக்கே நிறுத்தலாம், அதற்கு யோசிக்க ஒன்றுமில்லை. ஆட்டோவைப் பாதியாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்துகிறேன் என்று சபதம் எடுத்தால் அடுத்த வாரம் பத்து நாளும் ஆட்டோவில் போவீர்கள். அந்த மிச்சத்தில் முதலில் எடுக்க வேண்டியது, சர்க்கரையும் பி.பி.யும் இல்லாத இந்த நேரத்திலேயே சொந்தப் பெயரில் ஒரு மெடிக்கிளெய்ம். கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். அதில் எடையைக் கேட்க மாட்டார்கள், பழைய நோய்க்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும், நல்லதுதான். வேலையை விட்ட அன்றைக்கு அதுவும் போகும். நோய் வந்த பிறகு தனியாக எடுக்கப் போனால் லோடிங்கோடு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலமும் சேரும், அதாவது அதுவரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பாலிசி பணம் கொடுக்குமா என்று சிலர் கேட்பார்கள்: பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) போன்றது ஏதாவது இருக்க வேண்டும். மற்ற வழிகளில் முயன்று பார்த்திருக்கவும் வேண்டும். இப்போதைய நிலையில் உங்களுக்கு அது கிடைக்காது, கிடைக்காமல் இருப்பது நல்ல செய்தி.

தனிப் பாலிசிக்கு இப்போது கையில் காசில்லை என்றால், ஹெச்.ஆரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: குரூப் பாலிசி எந்தக் கம்பெனியில் இருக்கிறது, வேலையை விடும்போது அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி மாறினால் குரூப்பில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். எடுப்பதா வேண்டாமா, லோடிங் எவ்வளவு என்பதைக் கம்பெனி அப்போதும் பார்க்கும், ஆனால் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பதிலை வாயால் வாங்காதீர்கள், மெயிலில் வாங்குங்கள்.